நீலக் குழந்தைகளின் மருத்துவர் ஹெலன் டௌசிக்

நுழையும் முன்

மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டியவர் திருவள்ளுவர். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. நோயுற்றது குழந்தையாயின் நான்காம் கூறு மேலும் சிறப்புப் பெறுகிறது. வலி எங்கே என்று சொல்லத் தெரியாத குழந்தைக்காகப் பேசுபவள் தாய். மருத்துவர் கூறுவதைக் கேட்டு முடிவெடுப்பவர்கள் பெற்றோர். வீடு திரும்பியபின் இரவும் பகலும் விழித்திருந்து காப்பதும் அவர்களே. ஆதலால் குழந்தை மருத்துவம் ஒரு குடும்பத்தையே தாங்கும் பணியாகும். அப்பணியைத் தம் வாழ்நாள் முழுவதும் செய்தவர் அமெரிக்க மருத்துவர் ஹெலன் டௌசிக். குழந்தைகளுக்கான இதய மருத்துவம் தனித்துறையாக வளர வித்திட்ட அவருடைய வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் இடர்களும்

ஹெலன் டௌசிக் 1898ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை பிராங்க் டௌசிக் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியர். தாய் எடித் உயர்கல்வி கற்றவர். அறிவும் அன்பும் நிறைந்த அக்குடும்பத்தில், ஹெலனுக்கு 11 வயதானபோது பேரிடி விழுந்தது. அவருடைய அன்னை காசநோயால் உயிர் நீத்தார். ஹெலனும் சிறுவயதில் உடல்நலம் குன்றியிருந்தார்.

இவற்றோடு மற்றோர் இடரும் இருந்தது. எழுத்துகளை இனங்கண்டு படிப்பது அவருக்குப் பெருந்துன்பமாக இருந்தது. இன்று டிஸ்லெக்சியா என்று அழைக்கப்படும் அக்குறைபாட்டை அக்காலத்து ஆசிரியர்கள் பலர் அறிந்திருக்கவில்லை. படிக்கத் தடுமாறும் மாணவரை மந்தபுத்தி உடையவர் என்று எண்ணுவதே வழக்கமாயிருந்தது. ஆனால், தந்தை மகளை அவ்வாறு எண்ணவில்லை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அருகில் அமர்ந்து பொறுமையோடு படிக்கக் கற்றுக்கொடுத்தார். குறையுடைய குழந்தைக்குக் குடும்பம் துணைநின்றால் என்ன நிகழும் என்பதை ஹெலன் தம் வாழ்விலேயே கண்டார்.

மூடியிருந்த கதவுகள்

ராட்கிளிஃப் கல்லூரியில் ஈராண்டு பயின்ற ஹெலன், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரப் பல்கலைக்கழகத்தில் 1921இல் பட்டம் பெற்றார். மருத்துவராக வேண்டும் என்ற விருப்பம் அவருள் வேரூன்றியது. ஆனால், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அந்நாளில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1945ஆம் ஆண்டில்தான் அக்கல்லூரியின் கதவு பெண்களுக்குத் திறந்தது. தனி அனுமதி பெற்று ஒரு பாடத்தை மட்டும் ஹெலன் அங்கே கற்றார். அப்போதும் ஆண் மாணவர்களோடு சேர்ந்து அமர அவருக்கு இடமளிக்கப்படவில்லை. ஒதுங்கியிருந்தே நுண்ணோக்கியில் திசுக்களைக் கண்டு பயின்றார்.

பின்னர்ப் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு பயின்றபோது, பேராசிரியர் அலெக்சாண்டர் பெக் அவருடைய ஆற்றலைக் கண்டுகொண்டார். ஒரு காளையின் இதயத்தை அவரிடம் கொடுத்து, அதன் தசைகளை ஆராயத் தூண்டினார். அன்று கையிலெடுத்த இதயத்தை ஹெலன் பின்னர் ஒருபோதும் கைவிடவில்லை.

பால்டிமோர் நகரிலிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி, 1893இல் தொடங்கப்பட்ட நாள் முதலே பெண்களையும் சேர்த்துக்கொண்டது. கல்லூரிக்குப் பொருள் திரட்டித் தந்த பெண்கள் விதித்த கட்டுப்பாடே அதற்குக் காரணம். ஹெலன் அங்குச் சேர்ந்து 1927இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

துயரத்தில் பிறந்த மருத்துவமனை

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வளாகத்தில் ஹேரியட் லேன் இல்லம் என்னும் குழந்தைகள் மருத்துவமனை இருந்தது. ஹேரியட் லேன் என்பவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் புக்கானனின் உடன்பிறந்தாருடைய மகள். அவர் தம் இரு மைந்தரையும் வாதக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். தாம் பட்ட துயரம் பிற தாயர்க்கு நேரலாகாது என்று கருதி, குழந்தைகளுக்கான மருத்துவமனை அமையத் தம் செல்வத்தை எழுதிவைத்தார். அவர் மறைந்தபின் 1912இல் அம்மருத்துவமனை திறக்கப்பட்டது.

1930இல் அங்கிருந்த குழந்தைகள் இதயப் பிரிவின் பொறுப்பைப் பேராசிரியர் எட்வர்ட்ஸ் பார்க், ஹெலனிடம் ஒப்படைத்தார். வாதக் காய்ச்சலால் இதயம் நலிந்த குழந்தைகளே அங்கு மிகுதியாக வந்தனர். பிறவியிலேயே இதயக் குறைபாடுடைய குழந்தைகளையும் ஆராயுமாறு பார்க் அவரைப் பணித்தார். தொடக்கத்தில் ஹெலனுக்கு இது மகிழ்ச்சி தரவில்லை. அத்தகைய குழந்தைகளைக் குணப்படுத்த அன்று எந்த வழியும் இல்லை. நோயின் பெயரைச் சொல்லிப் பெற்றோரைத் திருப்பியனுப்புவதைத் தவிர, மருத்துவர் செய்யக்கூடியது ஏதுமில்லை என்றே பலரும் நம்பியிருந்தனர்.

கைகளால் கேட்டவர்

இந்நிலையில் ஹெலனின் செவிப்புலன் குறையத் தொடங்கியது. இதய மருத்துவருக்குச் செவியே முதற்கருவி. துடிப்பின் ஓசையில் உண்டாகும் சிறு மாறுபாட்டைக் கொண்டே இதயத்தின் குறையை அறிவது வழக்கம். செவி தளர்ந்தபின் இத்துறையில் நிலைத்திருப்பது எவ்வாறு?

ஹெலன் தம் கைகளைப் பழக்கினார். குழந்தையின் மார்பில் விரல்களை மெல்ல வைத்து, துடிப்பையும் அதிர்வையும் உணரக் கற்றார். ஓசையைப் பெருக்கிக் காட்டும் கருவிகளையும் பயன்படுத்தினார். பேசுவோரின் உதட்டசைவை நோக்கிப் பொருளறியவும் பழகினார். ஊடுகதிர்த் திரையின் முன் குழந்தையைப் பல நிலைகளில் திருப்பி நிறுத்தி, இதயத்தின் வடிவத்தையும் அளவையும் பல கோணங்களில் கண்டார். குழந்தை இறக்க நேர்ந்தால், தாம் உயிரோடிருந்தபோது கணித்தது சரிதானா என்பதை உடற்கூறாய்வில் ஒப்பிட்டு நோக்கினார். ஒவ்வொரு குழந்தையின் இதயத்தையும் விடுவிக்க வேண்டிய புதிராகக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் குறிப்புகளைத் திரட்டினார்.

நீலக் குழந்தைகள்

நலமான இதயத்தில் நான்கு அறைகள் உண்டு. உடலெங்கும் சுற்றி வந்த குருதி வலப்பக்க அறைகளை அடைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குச் செல்கிறது. நுரையீரலில் உயிர்வளியைப் பெற்றுச் செந்நிறம் பூண்டு, இடப்பக்க அறைகளுக்குத் திரும்பி, மீண்டும் உடலுக்குப் பாய்கிறது.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இவ்வமைப்பில் குறை நேர்கிறது. நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகியிருக்கும். கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் துளை இருக்கும். பெருந்தமனி அத்துளைக்கு மேலாக இடம்பெயர்ந்திருக்கும். வலக் கீழறையின் சுவர் தடித்திருக்கும். இந்நான்கு குறைகளும் ஒருங்கே அமைந்த நிலையைப் பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ 1888இல் விரிவாக விளக்கினார். உயிர்வளி குறைந்த குருதியே உடலில் பரவுவதால், அக்குழந்தைகளின் உதடுகளும் நகங்களும் நீலம் பாரித்திருக்கும். ஆகவே அவர்கள் நீலக் குழந்தைகள் எனப்பட்டனர்.

அக்குழந்தைகள் சில அடி நடந்தவுடனே மூச்சு வாங்கிக் குந்தி அமர்ந்துவிடுவர். குந்தி அமர்வதால் அவர்களுக்குச் சற்று ஆறுதல் கிடைப்பதை ஹெலன் கூர்ந்து நோக்கிக் குறித்தார். விளையாடும் பிள்ளைகளைச் சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டிருப்பதே அவர்களுடைய விளையாட்டாயிற்று. அடுத்த மூச்சுத்திணறல் எப்பொழுது வருமோ என்று பெற்றோர் அஞ்சியிருந்தனர்.

ஒரு சிறு குழாய் சொன்ன செய்தி

தாயின் கருவில் இருக்கும் குழந்தைக்கு, பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் சிறு குழாய் ஒன்று உண்டு. பிறந்த சில நாள்களில் அது தானாகவே மூடிக்கொள்ளும். நலமான குழந்தைக்கு இதனால் தீங்கில்லை. ஆனால், நீலக் குழந்தைகள் சிலர் அக்குழாய் திறந்திருக்கும் வரை ஓரளவு நலமாக இருப்பதையும், மூடியபின் விரைவில் நலிந்து இறப்பதையும் ஹெலன் கண்டார். அக்குழாயின் வழியே நுரையீரலுக்குக் கூடுதல் குருதி சென்றதே அவர்களைக் காத்தது என்று தெளிந்தார். அவ்வாறாயின், மூடிய குழாய்க்கு ஈடாகப் புதிய பாதை ஒன்றை மருத்துவர் அமைத்துத் தரலாகாதா?

1938இல் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ராபர்ட் கிராஸ் என்னும் அறுவை மருத்துவர், மூடாமல் நின்ற அத்தகைய குழாயை வெற்றிகரமாக மூடினார். மூடத் தெரிந்தவருக்குப் புதிதாக அமைக்கவும் இயலும் என்று எண்ணிய ஹெலன் அவரை நாடிச் சென்றார். கிராஸ் அதில் ஆர்வம் காட்டவில்லை. ஹெலன் மனந்தளராமல் திரும்பினார். 1941இல் ஆல்ஃபிரட் பிளேலாக் அறுவை மருத்துவத்துறைத் தலைவராக ஜான்ஸ் ஹாப்கின்சுக்கு வந்தார். அவரிடம் தம் கருத்தை ஹெலன் எடுத்துரைத்தார்.

பிளேலாக்குடன் வந்திருந்தவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவரான அவர் தச்சுத்தொழில் கற்றவர். மருத்துவம் பயிலும் கனவோடு சேர்த்து வைத்திருந்த பணத்தை, வங்கி முறிந்தபோது இழந்தவர். முன்னர்ப் பணியாற்றிய ஆய்வகத்தில், உயர்ந்த ஆய்வுகளைச் செய்தபோதும் அவருக்குத் துப்புரவுப் பணியாளருக்குரிய ஊதியமே தரப்பட்டது. ஹெலனின் எண்ணத்தைச் செயலாக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ 200 நாய்களிடம் சோதனை செய்து, கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் முறையை அவர் செம்மைப்படுத்தினார்.

1944 நவம்பர் 29

அந்நாளில் 15 மாதப் பெண்குழந்தை ஒன்று அறுவைக் கூடத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அதன் எடை ஐந்து கிலோகூட இல்லை. மனிதருக்கு அதுவரை செய்யப்படாத அறுவைக்குத் தம் குழந்தையை ஒப்படைக்க அதன் பெற்றோர் இசைந்திருந்தனர். பிளேலாக் அறுவை செய்தார். அவருக்குப் பின்னால் சிறு மேடைமீது நின்று, தாமஸ் ஒவ்வொரு படியிலும் வழிகாட்டினார். ஹெலன் உடனிருந்தார். நூலினும் சற்றே தடித்த குருதிக்குழாய்கள் இணைக்கப்பட்டன. குழந்தை உயிர் பிழைத்தது.

சில மாதங்களுக்குப் பின் அக்குழந்தையின் நிலை மீண்டும் மோசமடைந்தது. இரண்டாம் அறுவைக்குப் பின் அது உயிர் நீத்தது. ஆயினும், அவ்வறுவை காட்டிய வழி மூடிவிடவில்லை. 1945 பிப்ரவரியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செய்யப்பட்ட மூன்றாம் அறுவையின்போது, இணைப்பு முடிந்து குருதி பாய்ந்ததும் அவனுடைய நீல உதடுகள் செந்நிறம் பெற்றதை அனைவரும் கண்டனர்.

அவ்வாண்டு மே மாதத்தில் பிளேலாக்கும் ஹெலனும் தம் பணியை மருத்துவ இதழில் வெளியிட்டனர். அதில் தாமசின் பெயர் இடம்பெறவில்லை. அவருடைய பங்கு வெளியுலகிற்குத் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. 1976இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

குடும்பங்களோடு ஒரு பயணம்

செய்தி பரவியதும் நீலக் குழந்தைகளைச் சுமந்துகொண்டு பெற்றோர் பல ஊர்களிலிருந்தும் பல நாடுகளிலிருந்தும் பால்டிமோருக்கு வந்தனர். 1951ஆம் ஆண்டிற்குள் ஆயிரத்திற்கு மேற்பட்ட அறுவைகள் அங்கு நடைபெற்றன.

வந்த குழந்தைகள் அனைவருக்கும் அறுவை பொருந்தாது. யாருக்கு அது நன்மை தரும், யாருக்குத் தீங்காகும் என்று கணித்துக் கூறும் கடமை ஹெலனுடையது. நெடுந்தொலைவு நம்பிக்கையோடு வந்த பெற்றோரிடம் இயலாது என்று கூறுவது எளிதன்று. பொய்யான நம்பிக்கை ஊட்டுவதோ முறையன்று. மேலும், இவ்வறுவை இதயத்தின் குறையை முழுவதும் நீக்குவதில்லை. அது குருதிக்கு ஒரு மாற்றுப்பாதையை அமைத்துத் தந்தது. குழந்தை வளரக் காலம் ஈட்டித் தந்தது. 1950களில் இதயத்தைத் திறந்து செய்யும் அறுவைமுறை வளர்ந்தபோது, அவ்வாறு ஈட்டிய காலத்தால் பிழைத்திருந்த பலர் முழுமையான சிகிச்சையைப் பெற்றனர்.

எனவே, அறுவை முடிந்தவுடன் தம் கடமை முடிந்ததாக ஹெலன் கருதவில்லை. தம்மிடம் வந்த குழந்தைகள் பள்ளி சென்று, வளர்ந்து, பணிபுரிந்து, தாமும் பெற்றோராகும் வரை அவர்களோடு தொடர்பில் இருந்தார். அவர்கள் எழுதிய மடல்களுக்கு மறுமொழி எழுதினார். பணி ஓய்வுக்குப் பின்னும், அவர்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதைத் திரட்டி ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டார். நோயின் வரலாற்றை அறிய அக்கட்டுரைகள் மருத்துவர்களுக்குத் துணைபுரிந்தன. தம்மை நினைவில் கொண்ட மருத்துவர் ஒருவர் இருக்கிறார் என்னும் எண்ணம் அக்குடும்பங்களுக்கு ஆறுதலாயிற்று.

தாம் அறிந்தவற்றை 1947இல் பிறவி இதயக் குறைபாடுகள் பற்றிய பெருநூலாக வெளியிட்டார். அவரிடம் பயில இளமருத்துவர்கள் பல நாடுகளிலிருந்தும் வந்தனர். பயிற்சி முடிந்து திரும்பியவர்கள் தத்தம் ஊர்களில் குழந்தைகளுக்கான இதயப் பிரிவுகளைத் தொடங்கினர்.

பிறக்கவிருக்கும் குழந்தைகளையும் காத்தவர்

1962இல், தம்மிடம் பயின்ற ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் வழியாக ஹெலன் ஒரு செய்தியை அறிந்தார். ஜெர்மனியில் கைகால்கள் முழுமையாக வளராத குழந்தைகள் பெருமளவில் பிறந்திருந்தனர். கருவுற்ற காலத்தில் தாயர் உட்கொண்ட தாலிடோமைடு என்னும் மருந்தே அதற்குக் காரணம் என ஐயம் எழுந்திருந்தது. ஹெலன் உடனே அங்குச் சென்று, மருத்துவமனைகளைப் பார்வையிட்டுச் சான்றுகளைத் திரட்டினார். நாடு திரும்பியதும் மருத்துவர்களிடமும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடமும் அத்தீங்கை விளக்கினார்.

அம்மருந்தை அமெரிக்காவில் விற்க, அரசு அலுவலரான மருத்துவர் பிரான்செஸ் கெல்சி ஏற்கெனவே இசைவளிக்க மறுத்து வந்தார். இருவர் முயற்சியும் நாட்டின் கவனத்தை ஈர்த்தன. மருந்துகளை விற்குமுன் அவற்றின் பாதுகாப்பையும் பயனையும் மெய்ப்பிக்க வேண்டும் என்னும் கடுமையான சட்டம் அவ்வாண்டிலேயே இயற்றப்பட்டது.

புகழும் நிறைவும்

ஹெலனின் பணி உலகறிந்தபோதும், முழுநிலைப் பேராசிரியர் பதவி 1959இல்தான் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 61. 1963இல் பிரிவுத் தலைமையிலிருந்து ஓய்வு பெற்றார். 1964இல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், நாட்டின் உயரிய விருதான விடுதலைப் பதக்கத்தை அவருக்கு வழங்கினார். 1965இல் அமெரிக்க இதயக் கழகத்தின் முதல் பெண் தலைவரானார்.

முதுமையிலும் அவருடைய ஆராய்ச்சி ஓயவில்லை. பறவைகளின் இதயத்தில் காணும் பிறவிக் குறைகளை ஆராய்ந்துவந்தார். 1986ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், 88ஆம் பிறந்தநாளுக்கு நான்கு நாள்களே இருந்தபோது, பென்சில்வேனியா மாநிலத்தில் நேர்ந்த வாகன விபத்தில் உயிர் துறந்தார்.

இன்று குழந்தைகள் மருத்துவமனைகளில் இதய மருத்துவர், அறுவை மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒன்றுகூடி ஒரு குழந்தையின் நலத்தைத் திட்டமிடுகின்றனர். பெற்றோரையும் அக்குழுவில் ஒருவராகக் கருதுகின்றனர். பிளேலாக், தாமஸ், டௌசிக் ஆகியோர் வகுத்த அறுவைமுறை, சில மாற்றங்களோடு இன்றும் பச்சிளங் குழந்தைகளுக்குச் செய்யப்படுகிறது. படிக்கத் தடுமாறிய சிறுமியாய், கேளாச் செவியுடைய மருத்துவராய் வாழ்ந்த ஒருவரின் விரல்கள் அறிந்த உண்மை, எண்ணற்ற இல்லங்களில் குழந்தைகளின் சிரிப்பொலியாக ஒலித்துக்கொண்டிருக்கிறது.

சொல்லும் பொருளும்

குருதி – இரத்தம்
உயிர்வளி – ஆக்சிஜன்
தமனி – இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்
ஊடுகதிர் – எக்ஸ் கதிர்
நீலம் பாரித்தல் – நீலநிறம் படர்தல்
மைந்தர் – ஆண்மக்கள்
இசைவு – ஒப்புதல்

பயிற்சி

அ) கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஹேரியட் லேன் இல்லம் திறக்கப்பட்ட ஆண்டு ________.
2. பிறவி இதயக் குறைகள் நான்கு ஒருங்கே அமைவதை விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் ________.
3. அமெரிக்க இதயக் கழகத்தின் முதல் பெண் தலைவர் ________.

ஆ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நீலக் குழந்தைகள் எனப் பெயர் வரக் காரணம் யாது?
2. செவிப்புலன் குறைந்தபின் ஹெலன் இதயத்துடிப்பை எவ்வாறு அறிந்தார்?
3. ஹேரியட் லேன் தம் செல்வத்தை எழுதிவைத்ததன் நோக்கம் என்ன?

இ) பத்தி அளவில் விடை எழுதுக.
1. புதிய அறுவைமுறை உருவானதில் விவியன் தாமசின் பங்கினை விளக்குக.
2. அறுவை முடிந்தபின்னும் மருத்துவரின் கடமை தொடர்கிறது என்பதை ஹெலனின் வாழ்வைக் கொண்டு நிறுவுக.

ஈ) பிரித்து எழுதுக.
பேரிடி, செந்நிறம், பெருந்துன்பம், இளமருத்துவர்

உ) செயல்பாடு
நீவிர் வாழும் ஊரில் அல்லது அருகிலுள்ள நகரில் குழந்தைகளுக்கென இயங்கும் மருத்துவமனை ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து, பத்துத் தொடர்களில் எழுதுக.